அப்பா இறங்கிக்கொண்ட இடங்கள்

என் அப்பாவோடு ஓர் இடத்துக்குப் புறப்படுவது என்றால், அவர் இல்லாமல் அங்கே போய்ச் சேருவது என்று பொருள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். எல்லோரும் என்றால் அம்மாவும் நானும். அம்மா பயணத்துக்குச் சாப்பாடு கட்டும்போதே இரண்டு பொட்டலங்களைத் தன் பையில் வைத்துக்கொண்டு, மூன்றாவதை அப்பாவின் கையில் கொடுத்துவிடுவார்.

"எங்க எறங்குவீங்களோ, அங்க வச்சி சாப்புடுங்க."

"இன்னைக்கி எறங்க மாட்டேன்" என்பார் அப்பா. பொட்டலத்தை வாங்கிக்கொள்வார்.

நின்றுபோன வாகனத்துக்குள் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். நாங்கள் இருக்கும் ஹந்தானையிலிருந்து கண்டி டவுனுக்கு இறங்கும் சின்னப் பயணமானாலும் சரி, கொழும்புவரை போகும் பெரிய பயணமானாலும் சரி, பஸ் ஒரு வரிசையில் மாட்டி நின்றுவிட்டால் முதல் நிமிடம் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பார். இரண்டாவது நிமிடம், முழங்காலின் மேல் வைத்திருக்கும் கைகள் தாமாகவே அசையத் தொடங்கும். இடது கை யாரையோ நிறுத்தும், வலது கை யாரையோ வரச் சொல்லும். மூன்றாவது நிமிடம் எழுந்து சட்டைக் கையை மடித்துவிடுவார். "வாரேன்" என்பார். வர மாட்டார்.

வாகன வரிசையின் ஓரமாக நடந்து, எந்த இடத்தில் சிக்கியிருக்கிறதோ அங்கே போய் நிற்பார். பத்து நிமிடத்தில் வரிசை அசையும். எங்கள் பஸ்ஸும் அசையும். வளைவில் திரும்பும்போது பார்த்தால், நடு ரோட்டில் அப்பா. உயரமானவர் இல்லை. ஆனால் கையைத் தூக்கிவிட்டால் உயரமாகிவிடுவார். நானும் அம்மாவும் ஜன்னலில் தலையை நீட்டிக் கூப்பிடுவோம். எங்களையும் மற்ற வாகனங்களைப் பார்ப்பதுபோலவே பார்த்து, "போ போ" என்று கையசைத்து அனுப்பிவிடுவார்.

"நம்ம பஸ்ஸ நிறுத்தி ஏறிக்கிட்டா என்னாங்க?" என்று அம்மா பலமுறை கேட்டிருக்கிறார்.

"ஓட ஆரம்பிச்ச வண்டிய நிறுத்தக் கூடாது. நிறுத்துனா மறுபடியும் முடிச்சு விழும்."

முடிச்சு என்பது அவருடைய கோட்பாடு. ரோட்டில் ஐந்நூறு வாகனம் நின்றாலும் அதற்குக் காரணம் ஒரே ஓர் ஆள்தான் என்பார். அந்த ஆள் மூன்றடி பின்னால் போனால் ஊரே போகும். அவன் போக மாட்டான், ஏனென்றால் அவனுக்குப் பின்னால் இருப்பவன் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். ஒவ்வொருவனும் தான் மட்டும்தான் அவசரமாகப் போகிறவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஆகவே யாராவது ஒருவர் இறங்க வேண்டும். அந்த ஒருவர் என் அப்பாவாகவே ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு அவருடைய கோட்பாட்டில் விளக்கம் இல்லை.

சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் செய்த காலமும் உண்டு. கண்டி டவுனில் போக்குவரத்துப் பொலிஸ்காரராக நெடுங்காலம் வெயிலில் நின்றவர். அதற்கு முன்னால் ஆமியில் சிப்பாய். சின்ன வயதில் எனக்கு ஆமிக்காரர் அப்பா என்றால் பெருமை. "ஒரு பாலத்த மூணு நாள் புடிச்சி வச்சிருந்தேன், தம்பி. ஒருத்தன் தாண்ட முடியாது" என்று அவர் சொன்னதை வகுப்பு முழுக்கப் பரப்பியிருந்தேன். துப்பாக்கிச் சத்தம், புகை எல்லாம் என் சொந்தச் சேர்க்கை. பெரியவனான பிறகுதான் முழுக்கதை தெரியவந்தது. வெள்ளத்தில் ஆட்டங்கண்ட பாலம் அது. ஒரு நேரத்தில் ஒரு லொறிதான் போகலாம். அப்பா மூன்று நாள் அங்கே நின்று, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தாண்ட முடியாதவன் எவனும் எதிரி இல்லை, வரிசையை மீறி முந்தப் பார்த்த ஒரு மரக்கறி லொறிக்காரன்.

அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. சிங்கள டிரைவராக இருந்தால் ஜன்னலருகே போய், "மல்லி, பொட்டக் பஸ்ஸட்ட" என்பார். தம்பி, கொஞ்சம் பின்னால். தமிழ் டிரைவரிடமும் அதேதான், தமிழில். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. பல் டொக்டர் வாயைத் திறக்கச் சொல்வதுபோல ஒரு குரல். ஓய்வு பெற்று, காக்கி போய், சட்டையும் சாதாரண காற்சட்டையுமாக நின்றபோதும் டிரைவர்கள் அந்தக் குரலைக் கேட்டு வண்டியைப் பின்னால் எடுத்தார்கள்.

இத்தனை காலம் ரோட்டில் நின்ற மனிதருக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. ஆனாலும் நான் பழகியபோது இடது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார், மகனைத் தனியாக விட மனமில்லாமல். என்னைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். நான் பதற்றக்காரன். பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்கிறேன். ஒரு பெட்டியை மூன்று தடவை எண்ணுகிறவனுக்கு அங்கே நல்ல பெயர். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு நூறு அடி நடந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவன். அப்படிப்பட்டவன் பேராதனை ரோட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கிடக்க, பக்கத்தில் அப்பா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, எதிரே வருகிற வாகனங்களையெல்லாம் நிறுத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே ஒரு முறைகூட பிரேக் போட வேண்டிய தேவை வரவில்லை. அதனால் அதைப் பழகவும் இல்லை. பரீட்சையில் முதல் தடவை தவறியதற்கு அதுதான் காரணம் என்று நான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொரு சம்பவம். ஒரு நாள் மதியம் எனக்கு நெஞ்சு வலித்தது. இடது பக்கம். இடது கையும் லேசாக வலிப்பதுபோல இருந்தது. வலிக்கிறதா என்று பிசைந்து பிசைந்து பார்த்ததில் நிஜமாகவே வலித்தது. த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு அப்பா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். போகிற வழியில் நான் காப்புறுதிப் பத்திரம் அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை அவரிடம் சொல்லிவிட்டேன். நான் போனால் அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "நாந்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் அப்பா. அதற்குள் வாகனங்கள் நின்றுவிட்டன. அப்பா என் முகத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், இறங்கினார். அன்றைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிளந்த ரோட்டின் நடுவே என் த்ரீவீல் பறந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் பெண் என் நெஞ்சில் வயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அவித்த கடலை என்றேன். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து அப்பா ஓடி வந்தார். ஆம், ஓடித்தான் வந்தார், அந்த வயதில். நான் வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னா சொன்னாங்க?"

"வாயுவாம்ப்பா."

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "காத்துக்கா அத்தன பேர ஒதுங்கச் சொன்னேன்?" என்றார். பிறகு என் கையிலிருந்த டீயை வாங்கி ஒரு மிடறு குடித்தார். மிச்சத்தை எனக்குத் திருப்பித் தரவில்லை.

இப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம். பல்லேகலயில் கிரிக்கட் பார்க்க ஆசை ஆசையாக நுழைவுச்சீட்டு எடுத்து, ஸ்டேடியத்துக்கு அரை மைல் முன்னால் இறங்கி, முழு மேட்சையும் வெளியே வாகனம் நிறுத்தும் இடத்தில் கழித்தார். பள்ளிக்கூடத்தில் எனக்கு எழுத்தழகுக்காக மூன்றாம் பரிசு கிடைத்தபோது விழா முடிந்து, ஆட்கள் எழுந்துபோன கதிரைகளை அடுக்கும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். "எப்படி வாங்கினே, காட்டு" என்றார். நான் வெறும் மேடையில் ஏறி, இல்லாத பள்ளி அதிபரின் இல்லாத கையைக் குலுக்கி, கையிலிருந்த புத்தகத்தை நானே எனக்குக் கொடுத்து வாங்கினேன். கீழே நின்று அவர் ஒருவர் கைதட்டினார். கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவரும் பாவம், கூடத் தட்டினார்.

என் வாழ்க்கையில் முக்கியமான எல்லா இடங்களுக்கும் அப்பாதான் என்னை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே நடந்த எதையும் அவர் பார்க்கவில்லை.

அதனால்தான் என் கலியாணத்துக்கு அம்மா கடுமையான ஏற்பாடுகளைச் செய்தார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. பதற்றக்காரனுக்குப் பெண் கிடைப்பதும் தாமதம், கிடைத்த பெண்ணைச் சரி என்று சொல்வதும் தாமதம். பெண்ணுக்கு ஊர் புசல்லாவை. அவளுடைய அப்பா அங்கே பேக்கரி வைத்திருந்தார். மண்டபமும் புசல்லாவையில், மெயின் ரோட்டிலேயே, ஒரு வளைவில். ஹந்தானையிலிருந்து பேராதனை, கம்பளை தாண்டிப் போக வேண்டும். ரோட்டு வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. வழியெல்லாம் கல்லும் தாரும், ஒரு பக்கம் மறித்து ஒரு பக்கம் விடுகிற இடங்களும். அப்பாவுக்கு அது பெரிய விருந்து.

காலையில் புறப்படுவதற்கு முன், அம்மா அவரைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"சூடத்த அணைச்சி சத்தியம் பண்ணுங்க. வழியில எறங்க மாட்டேன்னு."

"என்னாடி இது, பொலிஸ்காரன வச்சி சத்தியம் வாங்குற."

"பரிசு குடுத்தத பாத்தீங்களா? இல்ல. மொத சம்பளம் வாங்கிட்டு வந்தானே, வாசல்ல நின்னீங்களா? இல்ல, டவுன்ல நின்னீங்க. இவன் தாலி கட்டுறத நீங்க பாக்கணும். அணைங்க."

அப்பா எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். அத்தோடு அம்மா விட்டுவிடவில்லை. காரின் பின் ஆசனத்தில் அவரை நடுவில் உட்காரவைத்து, ஒரு பக்கம் தானும் மறுபக்கம் தன் தம்பியும் உட்கார்ந்துகொண்டார். என் மாமா கனத்த உடம்புக்காரர். பொலிஸ்காரரைக் காவலில் வைத்து அழைத்துப்போவதுபோல இருந்தது. பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக நான் முன் ஆசனத்தில், டிரைவருக்குப் பக்கத்தில்.

கம்பளை வரைக்கும் நன்றாகத்தான் வந்தோம். அதைத் தாண்டி ஏற்றத்தில் ஒரு வளைவுக்கு முன் வாகனங்கள் நின்றிருந்தன. நாங்களும் நின்றோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். எதிர்ப் பக்கத்திலிருந்தும் எதுவும் வரவில்லை. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து காலை நீட்டினார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். முகூர்த்தம் முடிய ஒன்றரை மணி நேரம் இருந்தது. மறுபடி பார்த்தேன், அதே நேரம். இன்னொரு முறை பார்த்தேன்.

கண்ணாடியில் அப்பா தெரிந்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கைகள் மட்டும் முழங்காலில் அசைந்துகொண்டிருந்தன. அம்மா தன் கையை அவர் கையின் மேல் வைத்து அமுக்கினார்.

இருபது நிமிடம் ஆனது. எனக்குள் ஒரு முழுச் சினிமாவே ஓடியது. முகூர்த்தம் தவறுகிறது. பெண்ணின் அப்பா பேக்கரி ஆட்களோடு வந்து கேள்வி கேட்கிறார். மண்டபத்தில் வேறு ஒரு மாப்பிள்ளையை, முறைப்பையனோ யாரோ, இழுத்து வந்து உட்காரவைக்கிறார்கள். அவன் என்னைவிட இளமையாக இருக்கிறான், முடியும் நிறைய இருக்கிறது.

"அப்பா" என்றேன்.

"சூடத்துல சத்தியம் பண்ணிருக்கேன், தம்பி" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"அம்மா, விடும்மா அவர. முகூர்த்தம் போயிரும்."

அம்மா என்னை நேராகப் பார்த்தார். "நான் விடுறேன். எனக்கென்னா. ஆனா எறங்கினாருன்னா வர மாட்டாரு. நீ தாலி கட்டுறத பாக்க மாட்டாரு. யோசிச்சி சொல்லு."

நான் யோசிக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"எறங்குங்கப்பா."

அப்பா கண்ணைத் திறந்தார். மாமாவின் முழங்கால்களைத் தாண்டி, கதவைத் திறந்து, பட்டுச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே நடந்தார். கொஞ்ச நேரத்தில் வரிசை உயிர் பெற்றது. வளைவில் ஒரு மண் லொறியும் ஒரு பஸ்ஸும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றிருந்த இடத்தில், இப்போது அப்பா மட்டும் நின்றுகொண்டிருந்தார். நான் டிரைவரின் தோளைப் பிடித்தேன்.

"நிறுத்துங்க, அப்பா ஏறட்டும்."

அப்பா எங்கள் காரைப் பார்த்துக் கையை வீசினார். போ. டிரைவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். அந்தக் கைக்கு முன்னால் மாப்பிள்ளை என்பவன் யார்? தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் எங்களுக்குப் பின்னால் வந்த வேனை அழைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட மாமா அவருடைய கைத்தொலைபேசி எண்ணை அழுத்தினார். அம்மாவின் பைக்குள் அது மணியடித்தது.

மண்டபத்துக்கு நேரத்துக்கு வந்துவிட்டோம். நிறையவே நேரம் இருந்தது. பயம் தீர்ந்த அந்தக் கணத்தில்தான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. இதுவரை எல்லா இடத்திலும் அப்பா தானாக இறங்கினார். இங்கே நான் இறக்கிவிட்டேன்.

மணவறையில் உட்கார்ந்தேன். ஐயர் மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். வாசலைப் பார்த்தேன். வருகிறவர்கள் எல்லாம் பெண் வீட்டுக்காரர்கள். நேரம் ஓடியது. நான் தாமதிக்க ஆரம்பித்தேன்.

முதலில் தண்ணீர் கேட்டேன். குடித்தேன். இன்னொரு டம்ளர் கேட்டேன். ஐயர் சொன்ன மந்திரம் விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றேன். அவர் கலியாணம் செய்துவைக்கத் தொடங்கியதிலிருந்து யாரும் அப்படிக் கேட்டதில்லைபோல. சந்தேகத்தோடு மறுபடி சொன்னார். தலைப்பாகை இறுக்குகிறது என்றேன். அவிழ்த்துக் கட்டினார்கள். இப்போது தளர்ந்திருக்கிறது என்றேன்.

பக்கத்தில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தவள் மெதுவாகச் சொன்னாள். "என்னாங்க, ஓடப் போறீங்களா? ஓடுறதுன்னா இப்பவே ஓடுங்க. நான் விடியிறதுக்கு முன்ன எந்திரிச்சி தல சீவிருக்கேன்."

"இல்ல, அப்பா இன்னும் வரல."

"எங்க அவரு?"

"ரோட்டுல."

"ரோட்டுல என்னா பண்றாரு?"

பதில் சொல்வதற்குள் ஐயர் தாலியை எடுத்துவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. தும்மினேன். பொய்த் தும்மல்தான், ஆனால் நன்றாக வந்தது.

மேளம் நின்றது. தாலி எடுக்கும் நேரத்தில் ஒற்றைத் தும்மல். பெண்ணின் பெரிய அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டைத் தும்மல் என்றால் பாதகமில்லை, ஆகவே மாப்பிள்ளை இன்னொரு முறை தும்ம வேண்டும் என்று முடிவானது. மண்டபமே என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தமுறை எவ்வளவு முயன்றும் வரவில்லை. ஒரு பெரியவர் மடியிலிருந்து மூக்குப்பொடி டப்பாவை எடுத்து வந்தார். அதற்குப் பிறகு பதினொரு முறை தும்மினேன். பதினொன்று ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று அத்தைமார் விரல்விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெண்ணின் அப்பா என் முன்னால் வந்து குந்தினார். நல்ல மனிதர். ஆனால் முகம் கறுத்திருந்தது.

"மாப்புள, விருப்பம் இல்லன்னா சொல்லிருங்க. நாங்க மானமா இருக்கிற ஆளுங்க."

"விருப்பம்தான் மாமா. சத்தியமா விருப்பம். எங்க அப்பா வரணும்."

"சம்பந்தி எங்க?"

"ட்ராஃபிக் பாக்குறாரு" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள். அதற்குள் எப்படிப் புரிந்துகொண்டாளோ தெரியாது. "இருப்போம்ப்பா. வரட்டும்."

அப்போதுதான் வெளியே ஹோர்ன் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு நான்கு, பிறகு எண்ண முடியாத அளவுக்கு. மண்டபம் வளைவில் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? கலியாணத்துக்கு வந்தவர்கள் வேன்களை ரோட்டின் இரு பக்கமும் விட்டிருந்தார்கள். நுவரெலியாவிலிருந்து வந்த பஸ்ஸும் கண்டிப் பக்கத்திலிருந்து வந்த தேயிலைக் கொழுந்து லொறியும் சரியாக எங்கள் வாசலில் சந்தித்துக்கொண்டன. என் கலியாணமே ஒரு முடிச்சாகிவிட்டிருந்தது.

ஹோர்ன்களுக்கு நடுவே ஒரு குரல் கேட்டது. "மல்லி, பொட்டக் பஸ்ஸட்ட."

"வந்துட்டாரு" என்றார் அம்மா. மறு நொடியே முகம் வாடியது. "உள்ளுக்கு வர மாட்டாரு."

மாமா ஓடினார். திரும்பி வந்து கையை விரித்தார். "அந்தக் கொழுந்து லொறியிலதான் தொத்திக்கிட்டு வந்திருக்காரு. கூப்புட்டேன். 'முடிச்சு அவுக்காம வர முடியாது, நேரத்த விட்டுறாதீங்க, கட்டச் சொல்லு'ங்குறாரு."

"இன்னும் அஞ்சு நிமிசம்தான்" என்றார் ஐயர், இந்தமுறை என்னைப் பார்க்காமல் என் மனைவியாகப் போகிறவளைப் பார்த்து. இருவரில் யாரிடம் பேசினால் பயன் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

தாலியை என் கையில் கொடுத்தார்கள். வாசல் முப்பது அடி தூரம். வெளியே எஞ்சின்கள் உறுமுவது கேட்டது, பஸ் நகர்வது கேட்டது. முடிச்சு அவிழ்கிறது. இனி வாகனங்கள் ஓடும். ஓட ஆரம்பித்த வாகனங்களை அவர் நிறுத்த மாட்டார். கடைசி வாகனம் போகும்வரை அங்கேயே நிற்பார். எனக்கு அது மனப்பாடம். தாலியைப் பிடித்தபடி வாசலையே பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. மூக்குப்பொடியால்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

சட்டென்று வெளியே சத்தம் நின்றது.

குறையவில்லை, நின்றது. ஹோர்ன் இல்லை, எஞ்சின் இல்லை. புசல்லாவை மெயின் ரோட்டில் பட்டப்பகலில் அப்படியோர் அமைதியை அதற்குப் பிறகும் நான் கேட்டதில்லை. மேளக்காரர்கள்கூட வாசலைப் பார்த்தார்கள்.

அப்பா உள்ளே வந்தார். பட்டு வேட்டியில் முழங்கால்வரை தூசு. தோளில் தேயிலைக் கொழுந்து ஒட்டியிருந்தது. வேகமாக வரவில்லை, அணிவகுப்பில் நடப்பதுபோல நிதானமாக நடந்து மணவறைக்கு நேரே அம்மாவின் பக்கத்தில் வந்து நின்று, மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டார்.

"ம், கட்டு" என்றார்.

கட்டினேன். மூன்று முடிச்சு. ஒன்றைக்கூட இழுத்துப் பார்க்கவில்லை. அப்பா குனிந்து, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு முடிச்சையும் பார்த்தார். அட்சதை போட்டார். அம்மாவிடம், "பாத்துட்டேன்" என்றார். பிறகு அதே நிதானத்தோடு திரும்பி வெளியே போனார். அரை நிமிடத்தில் எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமின.

நடந்ததை மாமா சாப்பாட்டுப் பந்தியில் சொன்னார். முடிச்சை அப்பா அவிழ்த்துவிட்டிருக்கிறார். பஸ்ஸும் லொறியும் போய்விட்டன. பின்னால் இருந்தவையும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அப்போது அவர் மண்டபத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கிறார். பிறகு நடு ரோட்டுக்குப் போய், இரண்டு கைகளையும் தூக்கி, இரு பக்கமும் நிறுத்திவிட்டார். எந்தக் காரணமும் இல்லாமல். முதலில் நின்ற பஸ் டிரைவரிடம் போய், "என் மகனுக்குக் கலியாணம். தாலி கட்டுற வரைக்கும் யாரும் அசையக் கூடாது" என்று இரண்டு மொழியிலும் சொல்லியிருக்கிறார். எஞ்சினை நிறுத்தச் சொன்னதும் அவர்தானாம், மந்திரம் கேட்காது என்று.

அம்மா சாப்பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பந்தி முடிந்து, கூட்டம் கலைந்து, பொண்ணும் மாப்பிள்ளையுமாக நாங்கள் ஆசீர்வாதம் வாங்க அவர் காலில் விழுந்து எழுந்தபோது, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்போல நின்றார்.

"பெரிய பிழை செஞ்சிட்டேன், தம்பி. சும்மா போய்க்கிட்டிருந்த ரோட்ட கட்டிட்டேன். யாரு யாரு எங்க எங்க அவசரமா போனாங்களோ. ஆஸ்பத்திரிக்கி யாராச்சும் போயிருந்தா?"

"அஞ்சு நிமிசந்தானேப்பா" என்றேன்.

"ஒனக்கு அஞ்சு நிமிசம். கம்பளைய தாண்டி நின்னமே, அங்க ஒனக்கு அஞ்சு நிமிசம் எப்புடி இருந்திச்சி?"

என் மனைவிதான், அவள் மனைவியாகி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க நிறுத்தின பஸ்ஸுலதான் எங்க சின்னம்மா வந்தாங்க. எறங்கி நேரா பந்திக்கி வந்துட்டாங்க. ரெண்டு தரம் பாயாசம் குடிச்சாங்க. நீங்க கவலப்படாதீங்க."

அப்பா ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மத்தவங்க?" என்றார்.